கண்பாவையை விரிக்கும் முன்னால்: திடீர் கோண அடைப்பு வரக்கூடிய கண்ணை அளந்து கண்டுபிடிக்கும் முறை

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு அம்மாவுக்குப் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு, விழித்திரையைப் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்கும்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பினோம். அன்று ராத்திரியே கண் சிவந்து, தலை பிளக்கிற வலியும் வாந்தியுமாக அவர் திரும்பி வந்தார். வலது கண்ணில் அழுத்தம் 58, சாதாரணமாக 21க்குள் இருக்க வேண்டியது. அட்டையை எடுத்துப் பார்த்தால் கண்ணாடி பவர் பிளஸ் 3 என்று காலையிலேயே எழுதியிருக்கிறது. முன்னறையின் (கண்ணின் முன்பக்கம், ஐரிஸுக்கு முன்னால் உள்ள நீர் நிறைந்த இடத்தின்) ஆழத்தைப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. அந்த அட்டையை நிரப்பியவர்களில் நானும் ஒருவன்.

அதற்கப்புறம் பல வருடங்களாகப் புதிதாக வருகிற ஆப்டோமெட்ரி மாணவர்களுக்கும் கண் டெக்னீஷியன்களுக்கும் இந்தப் பரிசோதனையைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக எடுக்க அவர்களுக்குத் தெரிகிறது. எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதிலும், வந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதிலும்தான் தடுமாறுகிறார்கள். அதனால் வரிசையை விடாமல் எழுதுகிறேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் மனசில் இருக்கட்டும். கண்ணுக்குள் ஊறும் நீர் ஐரிஸுக்கு (பாவையைச் சுற்றியுள்ள நிறத்திரைக்கு) பின்னால் உண்டாகி, பாவை வழியாக முன்னறைக்கு வந்து, கார்னியாவும் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமும்) ஐரிஸும் சந்திக்கும் கோணத்தில் இருக்கிற டிராபெக்குலர் மெஷ்வொர்க் என்ற சல்லடை வழியாக வடிகிறது. ஐரிஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணின் லென்ஸ் முன்னால் தள்ளி ஐரிஸோடு ஒட்டி நின்றால் நீர் பாவையைத் தாண்ட முடியாமல் பின்னால் தேங்கும். ஐரிஸ் முன்பக்கமாக உப்பிக்கொண்டு போய்ச் சல்லடையை மூடிவிடும். பாவை பாதி விரிந்த நிலையில் இது நடக்க வாய்ப்பு அதிகம். கீழே நாம் எடுக்கும் ஒவ்வொரு அளவும் இந்த இட நெருக்கடி எவ்வளவு என்பதைத்தான் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து காட்டுகிறது.

1. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

ஸ்லிட் லேம்ப் (ஒளிக்கீற்றோடு கூடிய கண் நுண்ணோக்கி), பேனா டார்ச், கண் அழுத்தம் அளக்கும் அப்ளனேஷன் டோனோமீட்டர், கோணத்தை நேராகப் பார்க்க (கோனியோஸ்கோபிக்கு) நான்கு கண்ணாடி வைத்த கோனியோ லென்ஸ், கண்ணின் உள் அளவுகளை எடுக்கும் பயோமெட்ரி கருவி. முன்பகுதி ஓசிடி (கண்ணின் முன்பகுதியை ஒளியால் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் கருவி) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. இருட்டாக்க முடிகிற அறை மட்டும் கட்டாயம் வேண்டும். ஜன்னலில் திரை இல்லாத அறையில் கோனியோஸ்கோபி செய்து "கோணம் திறந்திருக்கிறது" என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். வெளிச்சத்தில் பாவை சுருங்கி, ஐரிஸ் இழுபட்டு, மூடியிருந்த கோணமும் திறந்ததுபோலத் தெரியும்.

வரிசை இதுதான்: விசாரிப்பு, கண்ணாடி பவர், கண்ணைத் தொடாத பயோமெட்ரி, ஓசிடி, டார்ச், வான் ஹெரிக் (ஸ்லிட் லேம்பில் முன்னறையின் ஓர ஆழத்தை மதிப்பிடும் முறை), கண் அழுத்தம், கோனியோஸ்கோபி. பாவையை விரிப்பது கடைசி, அதுவும் அனுமதி கிடைத்தால்.

பயோமெட்ரி ஏன் இவ்வளவு முன்னால் என்று எல்லோரும் கேட்பார்கள். மரப்பு மருந்து, ஃப்ளோரசின் சாயம், கோனியோ ஜெல் எது பட்டாலும் கார்னியாவின் மேற்பரப்பு கலங்கிவிடும். ஒளியால் அளக்கும் கருவிக்கு அந்த மேற்பரப்பு தெளிவாக இருந்தால்தான் கெரட்டோமெட்ரி (கார்னியாவின் வளைவு அளவு) சரியாக வரும். அழுத்தத்தைக் கோனியோவுக்கு முன்னால் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. லென்ஸை வைத்து அழுத்தியதும் கண் அழுத்தம் குறையும். அதன்பின் எடுக்கிற எண் அந்த நோயாளியுடைய எண்ணே இல்லை.

2. முதலில் உட்காரவைத்துக் கேளுங்கள்

வயது, ஆணா பெண்ணா, குடும்பத்தில் யாருக்காவது கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இந்த நான்கையும் எழுதாமல் கருவிப் பக்கம் போகாதீர்கள். வயது கூடக்கூட ஆபத்தும் கூடும். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். கூடப் பிறந்தவர்களுக்கு இருந்தால் கவனம் இன்னும் அதிகம் வேண்டும்.

"உங்களுக்கு கிளாக்கோமா இருக்கா?" என்று கேட்டால் பலரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "உங்க அக்கா தங்கச்சிக்கு யாருக்காவது கண்ணுல லேசர் போட்டிருக்காங்களாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும். நீருக்கு வழிவிட ஐரிஸில் லேசரால் சின்னத் துளை போடுவார்கள், அதைத்தான் கேட்கிறோம்.

இன்னொன்று: "சாயங்காலம், இருட்டுற நேரத்துல, இல்ல சினிமா கொட்டகையில இருக்கும்போது ஒரு பக்கமா தலைவலி வந்து, விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரிஞ்சு, தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிடுதா?" ஆமாம் என்றால் விட்டுவிட்டு வரும் கோண அடைப்பை நினைக்க வேண்டும். தூக்கத்தில் பாவை சுருங்குவதால் அடைப்பு தானாகத் திறந்துகொள்கிறது. இவர்களில் பலர் ஒற்றைத் தலைவலி என்று பெயர் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு வந்திருப்பார்கள்.

மாத்திரை விஷயத்தில் சளிக்கும் அலர்ஜிக்கும் எடுப்பவை, மனச்சோர்வுக்கான சில பழைய வகை மருந்துகள், வயிற்று வலிக்குக் கொடுக்கும் டைசைக்ளோமின், ஹையோசின், மூச்சிரைப்புக்கு வைக்கும் இப்ராட்ரோப்பியம் புகை, இவையெல்லாம் பாவையை விரிக்கக்கூடியவை. டொபிராமேட் தனிக்கதை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

3. கண்ணாடி பவரைப் பாருங்கள், ஆனால் ஏமாறாதீர்கள்

தூரப் பார்வைக்குப் பிளஸ் பவர் என்றால் கண் குட்டையாக (முன்னிருந்து பின்வரை நீளம் குறைவாக) இருக்க வாய்ப்பு அதிகம். கண் குட்டை, ஆனால் உள்ளே இருக்கும் லென்ஸ் எல்லோருக்கும் உள்ள பருமன்தான். அங்கேதான் நெருக்கடி.

புதியவர்கள் செய்யும் தவறு மூன்று. முதலாவது, 45 வயதுக்காரரின் வாசிப்புக் கண்ணாடியைப் பார்த்து "பிளஸ் பவர்" என்று எழுதிவிடுவது. வெள்ளெழுத்துக்குப் போடும் பிளஸ் கண்ணின் நீளத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, தூரப் பவரைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர், எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான். கண்புரை லென்ஸின் நடுவில் முற்றும்போது பவர் மைனஸ் பக்கம் நகரும். நேற்றுவரை பிளஸ் 2 போட்ட பாட்டி இன்று கண்ணாடி இல்லாமலே தூரம் ஓரளவு பார்ப்பார், ஆட்டோரெஃப்ராக்டரும் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். கண்ணின் நீளம் மாறவில்லை. லென்ஸ் முன்பைவிடப் பருத்திருக்கிறது, அதாவது ஆபத்து கூடியிருக்கிறது. பழைய கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி லென்சோமீட்டரில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, லேசிக் செய்தவர்கள். கார்னியாவின் வளைவைத்தான் மாற்றியிருக்கிறார்கள், உள்ளே இருக்கும் இடம் பழைய இடமேதான்.

4. பயோமெட்ரி: நீளம், ஆழம், பருமன்

மூன்று எண் வேண்டும். கண்ணின் நீளம், முன்னறை ஆழம், லென்ஸின் பருமன். கண்புரை அறுவைக்கு லென்ஸ் பவர் கணக்கிடவே இந்தக் கருவியை வாங்கியிருப்பார்கள். அதனால் நம் ஆட்கள் நீளத்தையும் கெரட்டோமெட்ரியையும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். மற்ற இரண்டு எண்ணும் அதே தாளில்தான் இருக்கும். ஒளியால் அளக்கும் பழைய கருவிகள் சிலவற்றில் லென்ஸ் பருமன் வராது, அப்போது ஒலியால் அளக்கும் ஏ ஸ்கேனில் எடுக்க வேண்டும்.

கண் நீளம்: பெரியவர்களுக்குச் சராசரியாக 23 முதல் 24 மி.மீ. 22 மி.மீ. சுற்றிலோ அதற்கும் கீழோ வந்தால் நான் அட்டையில் வட்டம் போடச் சொல்வேன். 20 மி.மீ.க்கும் கீழே என்றால் அது மிகக் குட்டையான கண். அதற்கு லேசரிலும் அறுவையிலும் தனிச் சிக்கல்கள் உண்டு, மூத்த மருத்துவரிடம் நேராகப் போகட்டும்.

முன்னறை ஆழம்: இளம் வயதில் 3 மி.மீ.க்கு மேல் இருக்கும். 2.5 மி.மீ.க்குக் கீழே என்றால் கோனியோ செய்யாமல் அந்த நோயாளி அறையை விட்டுப் போகக் கூடாது. திடீர் அடைப்பு வந்த கண்கள் பெரும்பாலும் 2 மி.மீ. பக்கத்தில் நிற்பவை. என்னை ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இந்த எண்ணில்தான் பெரிய குழப்பமும் இருக்கிறது. பயோமெட்ரி கருவிகள் வழக்கமாகக் கார்னியாவின் முன்பக்கத்திலிருந்து லென்ஸின் முன்பக்கம் வரை அளக்கும். ஓசிடி போன்ற சில கருவிகள் கார்னியாவின் பின்பக்கத்திலிருந்து அளக்கும். கார்னியாவின் தடிமன் சுமார் அரை மி.மீ. ஒரு கருவியில் 2.7 என்றும் இன்னொன்றில் 2.2 என்றும் வந்ததைப் பார்த்து, "போன வருஷத்தைவிட ஆழம் குறைஞ்சிடுச்சு சார்" என்று பதறி ஓடி வந்தவர்கள் உண்டு. கண் மாறவில்லை, அளக்கத் தொடங்கிய இடம்தான் வேறு. எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் கருவி, எங்கிருந்து அளந்தது என்று எழுதும் பழக்கம் வேண்டும்.

லென்ஸ் பருமன்: இளம் வயதில் 4 மி.மீ.க்குக் கீழேயும் இருக்கலாம், வயதாக ஆகக் கூடிக்கொண்டே போகும். 5 மி.மீ.யை எட்டினால் கவனியுங்கள். இந்த லென்ஸ் வாழ்நாள் முழுக்க வளர்கிறது என்பதால் 5 வருடத்துக்கு முன்னால் எடுத்த ஆழத்தை இன்றைய ஆழம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்ப அளக்க 2 நிமிடம்கூட ஆகாது.

தொட்டு அளக்கும் ஏ ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறதா? அப்படியானால் அதைக் கோனியோவுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், கையை மிக லேசாக வையுங்கள். முனையைக் கார்னியாவில் அழுத்தினால் ஆழமும் நீளமும் ஒன்றாகக் குறையும், நல்ல கண்ணும் ஆபத்தான கண்ணாகிவிடும். ஐந்தாறு தடவை எடுத்து, முன்னறை ஆழம் அதிகமாக வந்த அளவீடுகளை வைத்துக்கொண்டு, குறைவாக வந்தவற்றை அழுத்தத்தால் வந்தவை என்று நீக்குங்கள். முடிந்தால் நீருள்ள கிண்ணம் வைத்து அளக்கும் முறைக்குப் போங்கள், அதில் முனை கண்ணைத் தொடுவதே இல்லை. சொந்த லென்ஸ் உள்ள கண்ணா, செயற்கை லென்ஸ் வைத்த கண்ணா என்று கருவியில் சரியாகத் தேர்ந்தெடுத்தோமா என்பதையும் பாருங்கள். ஒலி லென்ஸுக்குள் வேகமாகப் போகும், நீரில் மெதுவாகப் போகும், தேர்வு தப்பினால் எண்ணும் தப்பும்.

இரண்டு கண்ணையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளத்தில் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்ப அளக்க வேண்டும். நீளம் சமமாக இருந்து ஒரு கண்ணின் முன்னறை மட்டும் மிக ஆழமில்லாமல் இருந்தால் இடம் பெயர்ந்த லென்ஸ், நீர் கோத்து வீங்கிய முற்றிய புரை, இப்படி வேறு காரணம் இருக்கும். மைனஸ் பவர் கண்ணிலும் இதனால் அடைப்பு வரலாம், "மைனஸ்தானே" என்று விட்டுவிட வேண்டாம்.

5. மூன்று எண்ணையும் சேர்த்துப் படிப்பது

தனித்தனியாகப் பார்த்தால் எண்கள் ஏமாற்றும். கணக்குக்காக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். 58 வயதுப் பெண், நீளம் 21.9, ஆழம் 2.2, லென்ஸ் 5.1. 40 வயது ஆண், நீளம் 21.6, ஆழம் 2.9, லென்ஸ் 3.9. நீளத்தை மட்டும் பார்த்தால் ஆணின் கண்தான் குட்டை. ஆனால் பெண்ணின் கண்ணில் லென்ஸ் மொத்த நீளத்தில் நூற்றுக்கு 23 பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த ஆணுக்கு 18. இன்று கோனியோ அவசரமாக வேண்டியது அந்த அம்மாவுக்குத்தான். ஆணுக்கு அவசரமில்லை, ஆனால் அவருடைய லென்ஸும் வளரும். அடுத்தடுத்த வருகைகளில் அளக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள்.

சென்னை கிளாக்கோமா ஆய்வில் 40 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 6, 7 பேருக்குக் குறுகிய கோணம் இருந்தது. அப்படியென்றால் ஒரு நாள் ஓபியில் இப்படிப்பட்டவர்கள் பலர் நம் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் திடீர் அடைப்பு வரப்போவது மிகச் சிலருக்கு. அந்தச் சிலர் யார் என்பதை அளவுகளை மட்டும் வைத்து யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. யாருடைய கோணத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்குத்தான் இந்த எண்கள். முடிவு கோனியோவில்.

6. டார்ச்

முகாமில் ஸ்லிட் லேம்ப் இல்லாதபோது இது உயிர் காக்கும். பேனா டார்ச்சை நெற்றிப்பொட்டுப் (காதுப்) பக்கத்திலிருந்து, ஐரிஸின் தளத்துக்கு இணையாகப் பிடியுங்கள். ஐரிஸ் முழுக்க ஒளி பட்டால் முன்னறை ஆழம். மூக்குப் பக்க ஐரிஸில் பாதிக்கு மேல் நிழல் விழுந்தால் ஆழமில்லை, ஐரிஸ் முன்னால் உப்பியிருக்கிறது.

டார்ச்சைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்துவிட்டால் நிழலே விழாது. எல்லாக் கண்ணும் நல்ல கண்ணாகத் தெரிகிறதென்றால் உங்கள் கை முன்னால் நகர்ந்துவிட்டது என்று பொருள்.

7. வான் ஹெரிக்

ஸ்லிட் லேம்பில் ஒளிக்கும் நுண்ணோக்கிக்கும் நடுவே 60 டிகிரி. மெல்லிய கீற்றை வெளிப்பக்கக் கார்னியாவின் விளிம்பில், வெள்ளைவிழி தொடங்கும் இடத்தை ஒட்டி விழவையுங்கள். கார்னியாவின் பின்பக்கத்துக்கும் ஐரிஸுக்கும் நடுவே தெரியும் கருப்பு இடைவெளியைக் கார்னியாவின் தடிமனோடு ஒப்பிடுங்கள். கார்னியா அளவுக்கோ அதற்கு மேலோ இருந்தால் கிரேடு 4, கால் பங்குக்கும் பாதிக்கும் நடுவே 3, கால் பங்கு 2, அதற்கும் கீழே 1. கிரேடு 2, 1 இரண்டுக்கும் கோனியோ இல்லாமல் விரிக்கக் கூடாது.

கீற்று கொஞ்சம் உள்ளே, கார்னியாவின் நடுப்பக்கம் நகர்ந்தால் ஆழம் பொய்யாகக் கூடும். வயதானவர்களுக்கு விளிம்பில் வெள்ளை வளையம் இருப்பதால் புதியவர்கள் தெளிவான இடம் தேடிக் கீற்றை உள்ளே கொண்டுபோவார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. பளீரென்ற ஒளியைப் பாவைக்குள் அடிக்காதீர்கள், சுருங்கிவிடும். மூக்குப் பக்கமும் பாருங்கள்.

இதில் அகப்படாத ஒரு கண் உண்டு. நடுவில் ஆழம் நன்றாக இருக்கும், ஐரிஸ் மட்டும் வேர்ப்பக்கத்தில் மேலே மடங்கிக் கோணத்தைக் குறுக்கும். பிளாட்டோ ஐரிஸ் என்பார்கள். ஓரளவு இளம் வயதில், பவர் பெரிதாக இல்லாமல், சாயங்காலத் தலைவலி சொல்கிறவர் வந்தால் டார்ச்சிலும் பயோமெட்ரியிலும் நன்றாக வந்தாலும் கோனியோ செய்யுங்கள்.

8. கண் அழுத்தம்

பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை. ஆபத்தான கண்ணில் இன்றைய அழுத்தம் 14 என்று வருவது சர்வசாதாரணம். "அழுத்தம் நார்மல், விரிச்சிடலாம்" என்ற வாக்கியத்தை நான் கேட்ட அளவு வேறு எதையும் கேட்டதில்லை. அடைக்காதபோது நீர் நன்றாகத்தான் வடியும், அழுத்தமும் நன்றாகத்தான் இருக்கும். இங்கே அழுத்தம் பார்ப்பது ஏற்கனவே சேதம் தொடங்கியதா என்று அறியவும், பின்னால் ஒப்பிடவும்தான். நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

9. கோனியோஸ்கோபி

இதைக் கற்றுக்கொள்ள நாளாகும், நூறு நல்ல கோணத்தைப் பார்த்தால்தான் ஒரு குறுகிய கோணம் கண்ணில் படும். ஆனால் இதற்கு ஈடு இல்லை.

அறையை இருட்டாக்குங்கள். கீற்றை சுமார் 1 மி.மீ. உயரத்துக்குச் சுருக்கி, ஒளி பாவையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரப்பு மருந்து போட்டு, நோயாளியை நேராகப் பார்க்கச் சொல்லி, நான்கு கண்ணாடி லென்ஸை வெறுமனே தொடுமாறு வையுங்கள். கார்னியாவில் மடிப்புகள் தெரிந்தால் நீங்கள் அழுத்துகிறீர்கள். அந்த அழுத்தத்தில் நீர் ஓரத்துக்கு ஓடிக் கோணத்தைத் திறந்துவிடும்.

மேல் கண்ணாடியில் கீழ்க் கோணம் தெரியும். அங்கிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் அது வழக்கமாக அகலமாகவும் நிறம் பிடித்தும் இருக்கும், அடையாளம் பிடிக்க எளிது. அதில் பழகிய கண்ணோடு மற்ற மூன்று பக்கம் போங்கள். மேல் கோணம்தான் வழக்கமாக மிகக் குறுகியது, அலுப்பில் அதை விட்டுவிடாதீர்கள்.

மிகப் பெரிய தவறு இங்கே. கார்னியா முடியும் இடத்தில், ஷ்வால்பே கோட்டில், சிலருக்குக் கருமை படிந்திருக்கும். மூடிய கோணத்தில் அதைப் பார்த்துச் சல்லடை தெரிகிறது என்று எழுதிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் மெல்லிய கீற்றைச் சாய்வாக விழவையுங்கள். கார்னியாவின் முன்பக்கத்தில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று என இரண்டு ஒளிக்கோடு தெரியும். அவை சேரும் இடம்தான் ஷ்வால்பே கோடு. அதற்குப் பின்னால் எதுவும் தெரியாவிட்டால் கோணம் மூடியிருக்கிறது.

இருட்டில் பார்த்து முடித்தபின் லென்ஸை நடுப்பக்கமாக அழுத்திப் பாருங்கள். ஐரிஸ் பின்வாங்கிச் சல்லடை தெரிந்தால் வெறுமனே ஒட்டியிருந்தது. அழுத்தியும் சில இடத்தில் கூடாரம்போல இழுத்துக்கொண்டு நின்றால் அது நிரந்தர ஒட்டு. அழுத்தும்போது ஐரிஸில் இரண்டு மேடு தெரிந்தால் பிளாட்டோ ஐரிஸ்.

அட்டையில் "குறுகல்" என்று ஒற்றை வார்த்தை எழுதாதீர்கள். நான்கு பக்கமும் எந்த அமைப்பு வரை தெரிந்தது, அழுத்தியபின் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். அழுத்தாமல் பார்த்தபோது பின்பக்கச் சல்லடை பாதிச் சுற்றுக்கு, அதாவது 180 டிகிரிக்கோ அதற்கு மேலோ தெரியாமல், கண் அழுத்தமும் பார்வை நரம்பும் நன்றாக, ஒட்டும் இல்லாமல் இருந்தால் சந்தேகக் கோணம். கண் அழுத்தம் கூடியோ ஒட்டு இருந்தோ வந்தால் அடுத்த நிலை, அதாவது கோண அடைப்பு. நரம்பும் கெட்டிருந்தால் கோண அடைப்பு கிளாக்கோமா. இந்த மூன்றுக்கும் சிகிச்சை ஒன்றல்ல, அதனால்தான் இவ்வளவு விவரம் கேட்கிறேன்.

10. முன்பகுதி ஓசிடி

வசதி இருந்தால் பயோமெட்ரியோடு சேர்த்து, இருட்டில் எடுத்துவிடுங்கள். லென்ஸ் கோணத்தின் தளத்தைத் தாண்டி முன்னால் எவ்வளவு உப்பி நிற்கிறது என்பதை இதில் நேராக அளக்கலாம், பயோமெட்ரியில் இது வராது. சல்லடைக்குப் பின்னால் இருக்கும் ஸ்கிளீரல் ஸ்பர் என்ற புள்ளியை நீங்கள் தவறாகக் குறித்தால் மற்ற எல்லா எண்ணும் தவறு. அது தெளிவாகத் தெரியாத படத்தில் அளக்கவே வேண்டாம். நிற வேறுபாட்டை இது காட்டாது, பழைய ஒட்டு எது, வெறும் தொடுகை எது என்றும் தெளிவாகப் பிரிக்காது, எனவே கோனியோவுக்கு மாற்று அல்ல.

11. விரிக்கலாமா?

முன்னறை நல்ல ஆழம், வான் ஹெரிக் 3 அல்லது 4, அறிகுறி இல்லை என்றால் விரிக்கலாம். 2, 1 என்றால் கோனியோ பார்த்தபின் மருத்துவர் முடிவு செய்வார். முகாமில் கிரேடு 1 கண்டால் விரிக்காமல் முகாமை நடத்தும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

விரித்து அனுப்பும்போது "இன்னைக்கு ராத்திரி கண் வலி, தலைவலி, வாந்தி, மங்கல் வந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே வாங்க" என்று சொல்லுங்கள், கூட வந்தவரிடமும் சொல்லுங்கள். மருந்தின் வேகம் இறங்கிப் பாவை பாதி நிலைக்கு வரும்போது, அதாவது வீட்டுக்குப் போனபின்னால் அடைப்பு வரலாம். சிலர் பாதுகாப்பு என்று நினைத்துப் பைலோகார்பின் போட்டு அனுப்புகிறார்கள். அது பாவையைச் சுருக்கும், கூடவே லென்ஸை முன்னால் தள்ளிப் பருக்கவும் வைக்கும். மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள்.

12. முடிவை எப்படிச் சொல்வது

சந்தேகக் கோணம் என்று வந்தவரைப் பயமுறுத்தாதீர்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 50 முதல் 70 வயதுள்ள 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் துளை போட்டு, மறு கண்ணை அப்படியே விட்டு 6 வருடம் கவனித்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. லேசர் போட்ட கண்ணில் பிரச்சினை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஆனால் போடாத கண்ணிலும் பிரச்சினை வந்தது மிகச் சிலருக்குத்தான். அதனால் சந்தேகக் கோணம் உள்ள எல்லோருக்கும் லேசர் என்பதில்லை. கூடப் பிறந்தவர்களுக்கு வந்தவர், சர்க்கரை நோயால் அடிக்கடி பாவையை விரிக்க வேண்டியவர், மேலே சொன்ன மருந்துகளை நிறுத்த முடியாதவர், கண் மருத்துவமனைக்கு வரப் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய ஊரில் இருப்பவர், இவர்களுக்கு மருத்துவர் வேறு மாதிரி யோசிப்பார். அந்த விவரம் அவருக்குக் கிடைப்பது நீங்கள் 2ஆம் படியில் கேட்டு எழுதியிருந்தால்தான்.

அழுத்தம் மிகக் கூடியோ நரம்பு கெட்டோ இருப்பவருக்கு, புரை பெரிதாக இல்லாவிட்டாலும் லென்ஸை எடுப்பதே நல்லது என்று 2016இல் வந்த ஈகிள் ஆய்வு காட்டியது. உங்கள் லென்ஸ் பருமன் எண்ணை மருத்துவர் இந்த இடத்தில் தேடுவார்.

13. அடைப்பு வந்தே வந்தவர்

கண் சிவப்பு, கலங்கிய கார்னியா, பாதி விரிந்து ஒளிக்கு அசையாத பாவை, 40க்கு மேல் அழுத்தம், வாந்தி. வரிசையெல்லாம் விட்டுவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், மல்லாக்கப் படுக்கவையுங்கள். இவர்களில் சிலர் வயிற்றுக் கோளாறு என்றோ மூளையில் ஏதோ என்றோ வேறு இடங்களில் ஒரு நாளைக் கழித்துவிட்டு வருவார்கள். வாந்திக்கும் வயிற்றுவலிக்கும் அங்கே போட்ட ஊசியே பாவையை இன்னும் விரித்திருக்கலாம். என்ன ஊசி போட்டார்கள் என்று கேளுங்கள்.

அந்தக் கண்ணில் கார்னியா கலங்கியிருப்பதால் கோணம் தெரியாது. மறு கண்ணில் எல்லா அளவையும் எடுங்கள், கோனியோ பாருங்கள். இரண்டு கண்ணும் ஒரே அச்சில் வார்த்தவை. மறு கண் குறுகி, ஆழமில்லாமல் இருந்தால் காரணம் உறுதியாகிறது. அந்தக் கண்ணை அப்படியே விட்டால் 5 வருடத்துக்குள் பாதிப் பேருக்கு அங்கேயும் அடைப்பு வரும், அதனால் அதற்கும் லேசர் போடுவார்கள். "வலி இல்லாத கண்ணுக்கு எதுக்கு சார் லேசர்?" என்று கேட்கும்போது இரண்டு கண்ணின் எண்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள்.

மறு கண் நன்றாக ஆழமாக இருந்தால் நின்று யோசியுங்கள், லென்ஸ் இடம் பெயர்ந்ததோ, கண்ணில் அடிபட்டதோ, வேறு நோயோ இருக்கலாம். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் அடைத்து, திடீரென மைனஸ் பவரும் ஏறியிருந்தால் டொபிராமேட் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் கொடுப்பார்கள், பெரும்பாலும் தொடங்கிய சில வாரங்களுக்குள் இது வரும். பாவையில் நீர் தேங்குவதால் வருவதல்ல இது. கண்ணின் நடு அடுக்கில் நீர் கோத்து, லென்ஸும் ஐரிஸும் சேர்ந்து முன்னால் வருகின்றன, அதனால் லேசர் துளை உதவாது, பைலோகார்பின் கெடுதல். மருந்தை எழுதிக்கொடுத்தவரிடம் பேசி அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. பழைய பயோமெட்ரித் தாள் இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்: போன வருடம் 3.2 இருந்த ஆழம் இன்று 2.1 என்றால், மருத்துவருக்கு அந்த ஒரு வரியே போதும்.